மேற்குக் கட்டடம்

2021 நவம்பர் 19ஆம் தேதி விடிகாலையில் பேரணாம்பட்டில் ஒரு வீட்டுச் சுவர் இடிந்து ஒன்பது பேர் இறந்துபோனார்கள். அவர்களில் நான்கு பேர் குழந்தைகள். மழைக்குப் பயந்து ஒரே இடத்தில் ஒதுங்கிப் படுத்திருந்தவர்கள். வங்கக் கடலில் இருந்த தாழ்வு மண்டலம் அன்று அதிகாலையில்தான் சென்னைக்குப் பக்கத்தில் கரையைக் கடந்தது. அதற்கு முந்தைய இரவு முழுக்க எங்கள் பக்கம் கொட்டித் தீர்த்தது. மோர்தானா அணை நிரம்பி வழிந்து, குடியாத்தத்தில் கவுண்டன்யா ஆறு கரையோர வீடுகளுக்குள் புகுந்திருந்தது. பல வருஷம் வெறும் மணலாகவே நான் பார்த்துப் பழகிய மலட்டாற்றிலும் செம்மண் தண்ணீர் புரண்டு ஓடியது.

செய்தி கேட்டு நானும் போனேன். தெருமுனைக்கு மேல் யாரையும் விடவில்லை. மண்வெட்டியும் கடப்பாரையுமாக ஆண்கள் உள்ளே ஓடினார்கள். பெண்கள் துப்பட்டாவை வாயில் அழுத்திக்கொண்டு சுவரோரமாக நின்றார்கள். பக்கத்தில் நின்ற ஒரு பெண் என் கையைப் பிடித்தாள். ஒன்பதாம் வகுப்பு, என் வகுப்பில் மூன்றாவது பெஞ்சு. "மிஸ், நம்ம மேற்குக் கட்டடம் நிக்குதா மிஸ்?" என்றாள்.

நின்றுகொண்டுதான் இருந்தது. அன்று பிற்பகல் குடையோடு போய்ப் பார்த்தேன். ஆனால் அந்தக் கேள்வி ஒரு பதினான்கு வயதுப் பெண்ணின் மனதில் முதலில் எழும்படியான ஒரு கட்டடத்துக்குள் நாங்கள் அவளைத் தினமும் உட்கார வைத்திருந்தோம்.

அது அரசுப் பெண்கள் பள்ளி. நான் அங்கே படித்தவள், பிறகு பல ஊர்கள் சுற்றிவிட்டு அங்கேயே தமிழாசிரியையாக வந்து சேர்ந்தவள். என் அப்பா தோல் ஷாப்பில், அதாவது தோல் பதனிடும் ஆலையில், வேலை செய்தார். எங்கள் தெருவில் பாதிப் பேரின் அப்பாக்கள் ஷாப்பில்தான், பாதிப் பேரின் அம்மாக்கள் வீட்டில் பீடி சுற்றினார்கள். 1975இல் நான் ஆறாம் வகுப்பில் சேர்ந்தபோது பள்ளியில் ஓட்டுக் கட்டடம் ஒன்று, அதை ஒட்டி இரண்டு அறை, நடுவில் வேப்பமரம், பின்னால் பரந்த மைதானம். காமராஜரும் நெ.து. சுந்தரவடிவேலுவும் பள்ளிச் சீரமைப்பு மாநாடுகள் நடத்திய நாட்களில், 1958க்குப் பிறகு, ஊர் ஊராக மக்கள் செங்கல்லும் மரமும் கொடுத்துப் பள்ளி கட்டினார்கள் அல்லவா, அந்தக் காலத்துக் கட்டடம். எங்கள் பக்கத்தில் காமராஜர் பெயருக்குத் தனி மரியாதை உண்டு. 1954இல் முதலமைச்சரான காமராஜர் அப்போது சட்டமன்றத்துக்குப் போனதே குடியாத்தம் இடைத்தேர்தலில் ஜெயித்துத்தான். அவருக்கு ஓட்டுப்போட்ட கதையை என் பாட்டி சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்தாள்.

அந்த ஓட்டுக் கட்டடம் பதினோராம் வகுப்பு எஸ்.எஸ்.எல்.சி.யோடு முடிகிற ஒரு பள்ளிக்காகக் கட்டப்பட்டது. வகுப்புக்கு முப்பது பெண்கள் வந்தாலே அதிகம் என்ற காலம். 1978இல் பிளஸ் டூ வந்தது. நான் ஒன்பதாம் வகுப்பில் இருந்தேன். மேல் வகுப்புக்கு இடம் வேண்டும், ஆய்வகம் வேண்டும் என்று கீழ் வகுப்புகளின் அறைகளை எடுத்துக்கொண்டார்கள். ஆறாம் வகுப்பு வராண்டாவுக்கு வந்தது. நான் பிளஸ் டூ படிக்கும்போது, 1981இல், மேற்கே புதிதாக அஸ்திவாரம் தோண்டினார்கள். கம்பி கட்டி கான்கிரீட் போட்ட தளம். ஆறு அறை. அவ்வளவு உயரமான ஜன்னல்களை நாங்கள் அதுவரை பார்த்ததில்லை. அந்தக் கட்டடத்தில் உட்கார்ந்து படிக்கும் கொடுப்பினை தங்கைகளுக்குத்தான் கிடைத்தது என்று பொறாமைப்பட்டது நினைவிருக்கிறது.

அதற்குப் பிறகு நாற்பது வருஷத்தில் அரசு செய்த நல்ல காரியங்களை வரிசையாக நினைத்துப் பார்க்கிறேன். 1982இல் எம்.ஜி.ஆரின் சத்துணவு. இரண்டு வருஷத்தில் அது பத்தாம் வகுப்பு வரை நீண்டது. பசிக்காகப் படிப்பை விட்ட பெண்கள் திரும்பி வந்தார்கள். 1989இல் மூவலூர் ராமாமிர்தம் அம்மையார் பெயரில் திருமண உதவி. எட்டாம் வகுப்பு முடித்திருந்தால்தான் பணம் என்று விதி. அதுவரை ஆறாம் வகுப்போடு நிறுத்திக்கொண்ட வீடுகள் எட்டு வரை அனுப்பின. பிறகு அது பத்தானது. மேல்நிலை மாணவிகளுக்கு இலவச சைக்கிள் வந்தது. மலையடிவாரக் கிராமங்களிலிருந்து, பேருந்துக்கு வழியில்லாத பெண்கள் கூட்டமாக மிதித்து வந்தார்கள். 2022இல் புதுமைப்பெண் திட்டம், அரசுப் பள்ளியில் ஆறு முதல் பிளஸ் டூ வரை படித்தால் கல்லூரியில் மாதம் ஆயிரம் ரூபாய். ஒவ்வொன்றும் எங்கள் வாசலுக்குப் பெண்களைக் கொண்டுவந்தது. ஒவ்வொன்றையும் நான் கைகூப்பி வரவேற்றவள். பிள்ளைகளை அழைத்த திட்டங்கள் எல்லாம் தவறாமல் வந்தன. அழைத்த பிள்ளைகள் உட்கார அறை மட்டும் கூடவே வரவில்லை. சத்துணவுக் கூடம் மைதானத்தில் ஒரு மூலையைத் தின்றது, சைக்கிள் ஷெட் இன்னொரு மூலையை. கொரோனாவில் ஷூ கம்பெனிகள் முடங்கி, ஃபீஸ் கட்ட முடியாதவர்கள் தனியார் பள்ளிகளிலிருந்து டி.சி. வாங்கி வந்தபோது, நான் எடுத்த ஒன்பதாம் வகுப்பு எண்பதைத் தாண்டியிருந்தது.

எண்பது பேர் ஒரு அறையில் இருப்பது எப்படி இருக்கும் என்று அங்கே நிற்காதவர்களுக்குச் சொல்ல வேண்டும். நால்வர் உட்கார வேண்டிய பெஞ்சில் ஆறு பேர். எழுதும்போது வலது கையை வீச இடமில்லாமல் ஒருத்தி விட்டு ஒருத்தி உடம்பைத் திருப்பிக்கொள்வார்கள். அதனால் பாதி வகுப்பு பக்கச் சுவரைப் பார்த்தபடிதான் எழுதும். கடைசி வரிசைக்குப் போய் ஒரு நோட்டைப் பார்க்க எனக்கு வழி இருக்காது. நோட்டுகள் தலைக்கு மேலே கை மாறி என்னிடம் வரும், அப்படியே திரும்பிப் போகும். ஒருத்திக்கு மயக்கம் வந்தால் தூக்கிக்கொண்டு வெளியே வருவதற்குள் மூன்று பெஞ்சு எழுந்து நிற்க வேண்டும். மாதவிலக்கு நாட்களில் சுவரோரம் உட்கார்ந்த பெண் மணியடிக்கும்வரை எழவே மாட்டாள். எழுந்தால் ஐந்து பேரைத் தாண்டி வர வேண்டும். வந்தாலும் அத்தனை பேருக்கு இருந்த கழிப்பறைகளின் முன்னால் வரிசையில் நிற்க வேண்டும். அப்பா ஒருமுறை எனக்குச் சாப்பாடு கொண்டுவந்தவர் வகுப்பை எட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "கிடங்குல தோலைக்கூட இப்படி நெருக்கி அடுக்க மாட்டோம்மா. சூடேறிக் கெட்டுப் போய்டும்."

மேற்குக் கட்டடத்தின் கூரை பெயர ஆரம்பித்தது எப்போது என்று திட்டமாகச் சொல்ல முடியாது. முதலில் வராண்டாவில் காரைத் துண்டுகள். பிறகு உத்தரத்தின் அடியில் நீளவாக்கில் ஒரு கோடு. மழைக்காலத்தில் மின்விசிறித் தண்டு வழியாகத் தண்ணீர் இறங்கும். மெயினை அணைத்துவிட்டு இருட்டில் பாடம் நடத்துவோம். பெண்கள் காலைத் தூக்கி முன் பெஞ்சின் குறுக்குச் சட்டத்தில் வைத்துக்கொண்டு கேட்பார்கள். மழையில் ஷாப்புப் பக்கமிருந்து பச்சைத் தோல் வாடை கனமாக வரும், ஜன்னலையும் சாத்த முடியாது, சாத்தினால் மூச்சு முட்டும். விண்ணப்பங்கள் எழுதினோம். பெற்றோர் ஆசிரியர் கழகத்தில் வசூல் செய்து மொட்டைமாடியில் தட்டோடு பதித்தோம். வந்து பார்த்தவர்கள் எல்லோரும் நல்லபடியாகப் பேசினார்கள். இன்னும் சில வருஷம் தாங்கும் என்றார்கள்.

2021 நவம்பர் 29 அதிகாலையில் பூமி அதிர்ந்தது. ரிக்டர் அளவில் 3.6 என்று பிறகு செய்தியில் சொன்னார்கள். எங்கள் வீட்டில் அலமாரிப் பாத்திரங்கள் சலசலத்தன, தூரத்தில் லாரி டயர் வெடித்த மாதிரி ஒரு சத்தம். ஜனம் பாயோடு தெருவுக்கு வந்துவிட்டது. பத்து நாளைக்கு முன்னால்தான் ஒன்பது பேரை அடக்கம் செய்த ஊர். யாரும் விடியும்வரை திரும்பி வீட்டுக்குள் போகவில்லை. பள்ளி திறந்த அன்று மேற்குக் கட்டடத்தின் மூன்றாவது அறையில் பெண்கள் ஒரு காரியம் செய்து வைத்திருந்ததைக் கண்டேன். ஜன்னல் மூலையிலிருந்து கிளம்பிய விரிசலின் நுனியில் பென்சிலால் குறுக்குக் கோடு போட்டுத் தேதி எழுதியிருந்தார்கள். கீழே அடிக்கோலால் அளந்த அளவு. அதற்கு முன்பும் மழை விட்ட நாட்களில் அப்படி எழுதியிருந்திருக்கிறார்கள். மொத்தம் நான்கு கோடுகள், ஒவ்வொன்றும் முந்தையதற்கு வெளியே. யார் செய்தது என்று கேட்டால் திட்டுவேன் என்று நினைத்து ஒருத்தியும் வாய் திறக்கவில்லை. அறிவியல் ஆசிரியை அதைப் பார்த்துவிட்டு வெளியே போய் அழுதுவிட்டு வந்தார். நான் ஹெச்.எம். அம்மாவை அழைத்துவந்து காட்டினேன். அவர் அந்த வாரமே தம் பொறுப்பில் மூன்றாவது அறையைப் பூட்டினார். மேலிடத்து உத்தரவுக்குக் காத்திருக்கவில்லை. அந்தப் பெண்மணியை நான் என்றைக்கும் மறக்க மாட்டேன்.

டிசம்பர் 17ஆம் தேதி திருநெல்வேலியில் ஒரு பள்ளிக் கழிப்பறைச் சுவர் விழுந்து மூன்று மாணவர்கள் இறந்தார்கள். மதிய இடைவேளைக்குள் ஸ்டாஃப் ரூமில் எல்லோர் போனிலும் அந்தப் படம் வந்துவிட்டது. அன்று சாப்பாட்டு டப்பாவைத் திறந்தவர்கள் குறைவு. எனக்கு 2004 ஜூலை 16 கும்பகோணம் நினைவுக்கு வந்தது. தொண்ணூற்று நான்கு குழந்தைகள். ஒரே கட்டடத்தில் மூன்று பள்ளிகள், குறுகிய படிக்கட்டு, மேலே ஓலைக் கூரை. அதற்குப் பிறகு தமிழ்நாடு முழுவதும் பள்ளிகளில் ஓலைக் கூரையைப் பிரித்தார்கள். செய்ய வேண்டியதுதான். ஆனால் அன்று பிள்ளைகளைக் கொன்றதில் நெருக்கடிக்கும் பங்கு உண்டு. அத்தனை குழந்தைகள் அத்தனை சின்ன இடத்தில் இல்லாமல் இருந்திருந்தால் இன்னும் எத்தனையோ பேர் படியிறங்கி வந்திருப்பார்கள். ஓலை கண்ணில் பட்டது, பிரித்தார்கள். கூட்டத்தை யாரும் குற்றவாளிக் கூண்டில் ஏற்றவில்லை.

நெல்லைக்குப் பிறகு மாநிலம் முழுக்கப் பழுதான பள்ளிக் கட்டடங்களைக் கணக்கெடுத்து இடிக்க உத்தரவு வந்தது. எங்களிடம் ஒரு இளம் பொறியாளர் வந்தார். கையில் சின்னச் சுத்தியல். உத்தரம், தூண், தளம் என்று தட்டிக்கொண்டே போவார். நன்றாக இருக்கும் கான்கிரீட் கணீரென்று கேட்கும், உள்ளே பிரிந்துவிட்டது பொத்தென்று கேட்கும். மூன்றாவது அறையில் தட்டிய இடத்திலெல்லாம் பொத்தென்றது. பெண்கள் போட்ட பென்சில் கோடுகளைப் பார்த்து நின்றார். "நாங்க கண்ணாடித் துண்டு ஒட்டி வைப்போம் மேடம், விரிசல் நகர்ந்தா அது உடையும். இவங்க அதே வேலையை ஸ்கேல்ல செஞ்சிருக்காங்க" என்று சொல்லி, அதைப் படம் எடுத்துக்கொண்டார். பிறகு படிவத்தை நிரப்பினார். நான் பக்கத்தில் நின்று பார்த்தேன். கட்டிய ஆண்டு, சுவர், கூரை, தளம், கதவு, மின் இணைப்பு, இடிக்கலாமா செப்பனிடலாமா. ஒரு அறையில் எத்தனை பிள்ளைகள் உட்காருகிறார்கள் என்று கேட்க அதில் இடமே இல்லை. 'எண்பது பேர் என்று எங்காவது எழுதுங்கள் சார்' என்றேன். அவர் நல்ல மனிதர், ஓரத்தில் எழுதினார். ஓரத்தில் எழுதியது கணினியில் ஏறாது என்று அவரே சொன்னார்.

2022 கோடையில் ஜே.சி.பி. வந்து மேற்குக் கட்டடத்தை இடித்தது. நாற்பது வருஷத்துக் கட்டடம் ஒரு பிற்பகலில் தரைமட்டமானது. இடிபாட்டிலிருந்து கம்பிகளை உருவி ஒரு பக்கம் போட்டார்கள். விரல் தடிமன் இருக்க வேண்டிய கம்பி சில இடங்களில் பென்சில் அளவுக்குத் தேய்ந்து, தொட்டால் செதில் செதிலாக உதிர்ந்தது. இரும்பு துருப்பிடித்தால் பருக்கும், பருத்து மேலே மூடியிருக்கும் கான்கிரீட்டைத் தள்ளிப் பிளக்கும், பிளந்த வழியே மறுபடி மழை இறங்கும். அதை வேடிக்கை பார்க்க வந்த ஒரு வயதான மேஸ்திரி, 1981இல் சித்தாளாக அங்கே கலவை சுமந்தவராம், எனக்கு ஒன்று சொன்னார். "அப்போ போரு ஏதும்மா? ஷாப்பு பக்கத்துக் கிணத்துலேர்ந்துதான் தண்ணி வண்டில வரும். கை வெச்சா பிசுபிசுன்னு இருக்கும். குடிக்க ஆவாது, கலவைக்கு ஆவும்னு சொல்லிட்டாங்கோ."

கேட்டதும் எனக்கு நெஞ்சு அடைத்தது. தோலைக் கெடாமல் வைக்க உப்புப் போடுகிறார்கள். ஷாப்பில் ஊறவைத்துக் கழுவும்போது அந்த உப்பு அவ்வளவும் தண்ணீரோடு போகும். பாலாற்றுப் படுகையில் கிணறுகள் உப்பாகிப் போனது இந்த ஊர்களுக்குப் புதிய செய்தி அல்ல. அதற்காகத்தான் வேலூர் குடிமக்கள் நல மன்றம் உச்ச நீதிமன்றம் வரை போனது. 1996 ஆகஸ்ட் 28இல் தீர்ப்பு வந்தது. ஒவ்வொரு ஷாப்புக்கும் பத்தாயிரம் ரூபாய் அபராதம், சுத்திகரிப்பு நிலையம் இல்லாதவை மூட வேண்டும் என்ற நிலைமை. என் அப்பாவும் அப்போது சில மாதம் வேலையில்லாமல் வீட்டில் இருந்தார். உப்புத் தண்ணீரில் கலந்த கான்கிரீட்டுக்குள் கம்பி சீக்கிரம் துருப்பிடிக்கும் என்பது கட்டடம் கட்டுகிற யாருக்கும் தெரிந்த விஷயம். எங்கள் கட்டடம் பழுதானதற்கு அது மட்டுமே காரணம் என்று நான் சொல்ல வரவில்லை, பராமரிப்பு இல்லாததும் காரணம். ஆனாலும் எங்கள் அப்பாக்களுக்குச் சோறு போட்ட தொழிலின் உப்பு எங்கள் வகுப்பறைத் தூணுக்குள்ளும் போயிருந்திருக்கிறது என்று நினைத்தபோது யாரைக் கோபித்துக்கொள்வது என்று தெரியவில்லை.

ஆறு அறை போனபின் நடந்தது வேறொரு கதை. இடிப்பதற்கு முன்பே, பொறியாளர் வந்துபோனதும் கட்டடம் முழுவதையும் பூட்டியாகிவிட்டது, இருந்த அறைகளில் இன்னும் நெருக்கினோம். ஒமைக்ரான் விடுமுறை முடிந்து 2022 பிப்ரவரி 1இல் பள்ளி திறந்தபோது ஷிஃப்டு முறை வந்தது. ஒன்பதிலிருந்து பிளஸ் டூ வரை காலையில், ஆறு ஏழு எட்டு மதியத்துக்கு மேல். ஷூ கம்பெனி பஸ்ஸில் போகும் அம்மாக்கள் காலை ஏழு மணிக்கு வீட்டைப் பூட்டிக்கொண்டு போவார்கள். மதியம் வரை அந்தச் சின்னப் பெண்கள் எங்கே இருப்பார்கள்? சாயங்காலம் இருட்டின பிறகு யாரோடு வீடு திரும்புவார்கள்? சில வாரங்களில் வருகைப் பதிவேட்டில் வெற்றிடங்கள் தெரிந்தன. ஏழாம் வகுப்பில் ஒரு பெண், செய்யுளை ராகம் போட்டுச் சொல்வாள், அவள் வரவில்லை. வீட்டுக்குப் போனேன். அம்மா திண்ணையில் முறத்தை மடியில் வைத்துப் பீடி சுற்றிக்கொண்டிருந்தார். பக்கத்தில் மகள் இலை வெட்டிக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் கத்தரியை முறத்துக்கு அடியில் மறைத்தாள்.

"டீச்சரம்மா, குந்துங்க" என்று பாயை விரித்தார் அம்மா. "படிப்பு வேணாம்னு நான் சொல்லலம்மா. ஆறு மணிக்கு மேல பொம்பளப் புள்ள தனியா வர்றா. அவங்க அத்தா கோயமுத்தூர் பக்கம் வேலைக்குப் போய்ட்டாரு. யாரு போய்க் கூட்டினு வருவா? கட்டடம் கட்டினதும் சொல்லுங்க, அனுப்பறேன்."

கட்டடம் கட்டி முடிக்க எத்தனை நாள் ஆகும் என்று அவருக்குத் தெரியாது, எனக்குத் தெரியும். ஏழாம் வகுப்பில் நின்ற பெண் இரண்டு வருஷம் கழித்து ஒன்பதாம் வகுப்புக்கு வரப்போவதில்லை. சுவர் விழுந்து ஒருவரும் சாகவில்லை என்று எங்கள் பள்ளியைப் பற்றிச் சொல்லலாம். ஆனால் நின்றுபோன பிள்ளைகளின் பெயர்களை நான் தனியாக ஒரு நோட்டில் எழுதி வைத்திருக்கிறேன். அதை இழப்பாக யாரும் கணக்கெடுக்கவில்லை.

அந்த அம்மாவிடம் நான் நாள்தோறும் போய் நின்றேன். மகள் திரும்பி வந்தாள், ஏனென்றால் ஜூனில் ஷிஃப்டை நிறுத்த ஒரு வழி கிடைத்தது. ஊரில் ஒரு தோல் வியாபாரி, மூடிக் கிடந்த தம் பழைய ஷாப்பின் கிடங்கைக் கொடுத்தார். இந்த ஊர்ப் பக்கத்துத் தோல் வியாபாரிகள் படிப்புக்குக் கொடுப்பது பழைய வழக்கம், வாணியம்பாடி இஸ்லாமியா கல்லூரி 1919இலிருந்து நிற்கிறது. தொட்டிகளைப் பலகை போட்டு மூடி, தரையைக் கழுவி, வெள்ளையடித்தோம். சுவரின் அடிப்பாகத்தில் மட்டும் எத்தனை முறை அடித்தாலும் உப்புப் பூத்தது. பெண்கள் விரலால் வழித்துப் பார்ப்பார்கள். வாடை முதல் வாரம் தலையைச் சுற்றியது, பிறகு பழகிவிட்டது. ஆனால் உயரமான கூரை, நல்ல காற்று, நாற்பது நாற்பதாகப் பிரித்து உட்கார இடம். என் பணிக்காலத்தில் முதல் முறையாகக் கடைசி வரிசை வரைக்கும் நடந்து போய் ஒவ்வொரு நோட்டையும் அவரவர் மேஜையிலேயே குனிந்து பார்த்தேன். நான் இதுவரை சரியாகக் கவனித்தே இராத சில கையெழுத்துகள் எவ்வளவு அழகு என்று அப்போதுதான் தெரிந்தது. அந்த வருஷம் என் வகுப்பில் மெல்லப் படிக்கும் பெண்கள் முன்னேறிய அளவுக்கு வேறெந்த வருஷமும் முன்னேறியதில்லை. பூட்டிக் கிடந்த ஷாப்பில் கிடைத்த நாற்பது பேர் வகுப்பு, கட்டடம் நின்ற காலத்தில் ஒருநாளும் எங்களுக்குக் கிடைத்ததில்லை.

2022 மார்ச்சில் பட்ஜெட்டில் பேராசிரியர் அன்பழகன் பெயரில் பள்ளி மேம்பாட்டுத் திட்டம் அறிவித்திருந்தார்கள். ஐந்து வருஷத்தில் 7,000 கோடி ரூபாய், 18,000 வகுப்பறைகள். 2023 பிப்ரவரி 1ஆம் தேதி எங்கள் வேலூர் மாவட்டத்திலேயே, காட்பாடியில், முதலமைச்சர் ஆயிரக்கணக்கான வகுப்பறைகளுக்கு அடிக்கல் நாட்டினார். அவை ஊராட்சி ஒன்றியத் தொடக்க, நடுநிலைப் பள்ளிகளுக்கு. சின்னப் பிள்ளைகளுக்கு முதலில் செய்வதில் எனக்கு ஒரு குறையும் இல்லை. அவர்கள் ஓட முடியாதவர்கள். உயர்நிலை, மேல்நிலைப் பள்ளிகளுக்கு நபார்டு கடனுதவியில் கட்டும் வழி தனியாக உண்டு, அதற்குத் தனி வரிசை. எங்கள் முறையும் வந்தது. இந்தத் தடவை கலவைக்கு எந்தத் தண்ணீர் என்று அம்மாக்கள் போய்க் கேட்டார்கள். லாரித் தண்ணீரைப் பரிசோதித்த சீட்டைக் காட்டும்வரை நகரவில்லை.

அம்மாக்கள் என்று சொன்னேனே, அதுதான் இந்தக் கதையில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி. 2022இல் அரசு பள்ளி மேலாண்மைக் குழுக்களைப் புதிதாக அமைத்தது. இருபது பேர் குழு, தலைவராக ஒரு பிள்ளையின் தாய். எங்கள் குழுவுக்குத் தலைவரானது, திண்ணையில் எனக்குப் பாய் விரித்த அதே பீடி சுற்றும் அம்மா. முதல் கூட்டத்தில் தலையைக் குனிந்தபடியே இருந்தார். மூன்றாவது கூட்டத்தில் வரைபடத்தைக் கேட்டு வாங்கி விரித்து, விரல் விட்டு எண்ணினார். புதிய கட்டடத்தில் ஆறு அறை. இடித்ததற்கு ஈடாக ஆறு.

"இடிச்சது ஆறுன்னா ஆறு கட்டறீங்க. அந்த ஆறுலதான எங்க புள்ளைங்க எண்பது எண்பதா குந்தினு இருந்தாங்கோ? மறுபடியும் அதேதான?" என்று கேட்டார்.

வந்திருந்த அதிகாரியிடம் அதற்குப் பதில் இல்லை. இடித்த அறைக்குப் பதில் அறை என்பதுதான் கணக்கு, பிள்ளைகளின் எண்ணிக்கையை வைத்து அல்ல. புதிய கட்டடம் அழகாக எழுந்தது. தூண்கள் நல்ல தடிமன், அகன்ற படிக்கட்டு, சாய்தளம், பெரிய ஜன்னல்கள். திறந்த அன்று பெண்கள் சுவரைத் தட்டித் தட்டிப் பார்த்தார்கள், கணீரென்று கேட்டது. சிரித்தார்கள். இனி அவர்கள் தலையில் எதுவும் விழாது, அதற்காகப் பட்ட பாடு வீண் இல்லை. ஆனால் கிடங்கைத் திருப்பிக் கொடுத்த பிறகு ஒன்பதாம் வகுப்பு மறுபடி எழுபதைத் தொட்டது. கடைசி வரிசைக்கு வழி மறுபடி அடைபட்டது.

நான் 2024இல் பணி ஓய்வு பெற்றேன். குழுக் கூட்டங்களுக்கு இப்போதும் கூப்பிடுகிறார்கள், போய் ஓரமாக உட்காருவேன். தீர்மானப் புத்தகத்தில் தலைவி அம்மா சொல்லச் சொல்ல நான் எழுதிக்கொடுத்த ஒரு தீர்மானம் இருக்கிறது. பள்ளியில் இன்றைக்குப் படிக்கும் பெண்களின் எண்ணிக்கையை நாற்பதால் வகுத்து வரும் அறைகள் வேண்டும். அடுத்த ஐந்து வருஷத்தில் சேரப்போகிறவர்களை ஒன்றியப் பள்ளிகளின் ஐந்தாம் வகுப்புப் பதிவேட்டிலிருந்து இப்போதே எண்ணிச் சேர்க்க வேண்டும். கழிப்பறையையும் அதே எண்ணிக்கைக்குக் கட்ட வேண்டும். கட்டடத்தைச் சோதிக்க வரும்போது ஒரு அறைக்கு எத்தனை பேர் என்பதையும் எழுதிக்கொண்டு போக வேண்டும், ஓரத்தில் அல்ல, கட்டத்துக்குள். உருது வகுப்புப் பெண்களின் அம்மாக்களுக்கும் புரிய வேண்டும் என்று தலைவி அதை உருதுவில் ஒருமுறை சொன்னார், எல்லோரும் கையெழுத்துப் போட்டார்கள், இரண்டு பேர் கைநாட்டு. மனு மாவட்டத் தலைநகருக்குப் போயிருக்கிறது. பதில் இன்னும் வரவில்லை. வரும் மாதக் கூட்டத்துக்கும் அதையே முதல் பொருளாகப் போட்டிருக்கிறார்கள்.